கணுவுக்குக் கீழே ஒரு விரல்

கணுவுக்குக் கீழே ஒரு விரல் விட்டு
சாய்வாக வெட்டவேணும்.
தண்ணிக்குள் முங்குகிற இலையைக் கிள்ளிப்போட வேணும்.
எனக்குத் தெரிந்த பயிர்ச்செய்கை இவ்வளவுதான்.

மல்லாவியில் ஒரு பின்னறை, வாடகைக்கு.
ஒரு யன்னல், அதில் ஆறு கம்பி,
கம்பிக்கொன்றாய் ஆறு போத்தல்:
ஜாம் இரண்டு, நெல்லிரசம் ஒன்று,
கூட்டுறவுக் கடையில் எலி தள்ளி மூடி உடைந்த
ஊறுகாய் இரண்டு
(கழிவென்று கணக்கெழுதியது நான்தான்).
மற்றது அரைப்போத்தல் சாராயம். என்னுடையதல்ல,
வேலியோரம் கிடந்தது.
மூன்றுதரம் கழுவியும்
அதிலிருக்கிற குரோட்டன்
மற்றவையைவிட உசாராய் நிற்கிறது.

"முற்றத்தில வையன் பிள்ளை, இவ்வளவு இடம் கிடக்கு"
என்றார் வீட்டுக்கார வேலும்மயிலும்.
சிரித்துவிட்டு உள்ளே வந்தேன்.
மண்ணில் வைத்தது வீட்டோடு நிற்கும் அண்ணை.
எனக்கு இது பதினோராவது வீடு.
நாலாவதில் வைத்த செவ்வரத்தை
இப்ப ஆருடைய பூசைக்கோ பூக்குது.
ஏழாவதில் வைத்தது முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்.
பூக்குதோ, ரோட்டில் நின்று பார்க்கத் தெரியாது.
போத்தல் என்றால் மடியில் இருக்கும்.
பஸ் குலுக்கினால்
உள்ளங்கையால் வாயைப் பொத்தலாம்.

கேட்டு வாங்கின தடி பட்டுப்போகும்,
களவெடுத்ததுதான் தழைக்கும் என்பார்கள்.
சுகிர்தா ஆசையாய் முறித்துத் தந்த கற்பூரவள்ளி
ஆறாம் நாள் கறுத்து நாறியது.
வங்கி வாசலில், காவலாளி போனில் சிரித்த நேரம்
கிள்ளிக் கைப்பைக்குள் போட்ட மணிபிளான்டுக்கு
நாலு கணுவிலும் பால்பல்லு.

கிணற்றுத் தண்ணி இங்கே கல்லுத் தண்ணி,
கேத்தலுக்குள் சுண்ணாம்பு படியும்.
சிறுநீரகத்துக்குப் பயந்து நான் குடிப்பது
லீற்றர் கணக்கில் வாங்குகிற வடிதண்ணி.
தடிகளுக்குக் கிணறுதான்.
ஊரோடு ஒட்டினது அதுகள், நானில்லை.

அண்ணைக்கும் பக்கத்துக் காணிக்கும் வழக்கு.
போன மாரிக்கு ஊன்றின கிளுவைக் கதியால்
வேர்விட்டு, பருத்து,
அரைமுழம் நடந்து வந்துவிட்டதாம்.
வெட்டின தடி அவர்களுக்கு எல்லை.
எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

கார்த்திகையில் டெங்குக்காரர் வந்தார்.
நிர்மலகாந்தன் என்று சட்டையில் பெயர்,
கையில் டோர்ச், கக்கத்தில் படிவம்.
நாலாவது போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
நந்தியாவட்டை வேருக்குள்
மூன்று நுளம்புக் குடம்பி
தலைகீழாய் ஆடிக்கொண்டிருந்தன.
நான் பார்த்தது வேரை. அவர் பார்த்தது குடம்பியை.
இரண்டுபேருமே கொஞ்சநேரம் பேசவில்லை.

"ஊத்துங்கோ."

ஊற்றினேன்.
தண்ணிக்குள் கையகலம் விரிந்திருந்தவை
வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டி
ஈரமான ஒற்றை நூலாய்ப் போயின.
பிறகு புதுத்தண்ணிக்குள் விட்டேன்.
ஒன்றும் நடவாததுபோல் விரிந்தன.

அவர் எழுதினார்:
நீர் தேங்கும் கொள்கலன்கள், ஆறு.
மூன்று நாளைக்கொருக்கால் மாற்றச் சொன்னார்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு,
"நல்லா வேர்விட்டிருக்கு, ஏன் இன்னும் நடேல்ல?"
என்று கேட்டார்,
அது படிவத்தில் இல்லாத கேள்வி.

எனக்குத் தெரியாததல்ல.
தண்ணியில் விட்ட வேர் மண்ணுக்கு உதவாது.
நொறுங்கிப்போகும். உள்ளே போய்
முதலிலிருந்து வேறு வேர் விடவேணும்.
போத்தலில் நாளாக ஆக அது கஷ்டம்.
நந்தியாவட்டைக்கு இது பதின்மூன்றாவது மாதம்.

நேற்றிரவு கரண்ட் போனது.
அண்ணை வீட்டில் எல்லாரும் படுத்தபிறகு
தோசைக்கரண்டியால் கிண்டினேன்,
கிணற்றடியில், கழிவுநீர் ஓடுகிற பக்கம்.
ஆரிடமும் கேட்கவில்லை.
களவெடுத்தால் தழைக்குமென்றால்
களவாய் நட்டாலும் தழைக்கவேணும்தானே.

காலையில் பல்லு விளக்கப் போனேன்.
எல்லா இலையும் தொங்கிக்கிடக்கு.
வேலும்மயிலும் அண்ணை வாளியோடு நின்று
அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
குளித்துவிட்டு,
கடைசி வாளியை அந்தப் பக்கமாய்ச் சரித்தார்.